இருதயக் குறையோடு பிறந்த பிள்ளையை வீட்டில் வளர்ப்பது



மடலுக்கு ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதை எளிய பாடமாகப் படித்து வருகிறோம். இம்முறை பிறவியிலேயே இருதயக் குறையுள்ள கைக்குழந்தைகளைக் குறித்துப் படிப்போம். வாசித்து முடித்த பின் இந்தத் தாளை, கைப்பிள்ளை உள்ள ஒரு வீட்டுக்குக் கொடுத்தீர்களானால் மகிழ்ச்சியடைவோம்.

ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் பாட்டியும் இரண்டரை மாதப் பெண் குழந்தையோடு எங்களிடம் வந்தார்கள். பிறந்தபோது எடை 2 கிலோ 700 கிராம். அன்று 3 கிலோ 100. அந்த வயதில் நாலரைக் கிலோவை ஒட்டி இருந்திருக்க வேண்டும். பாட்டிதான் பேசினார். "நாலு வாய் இழுக்குதுங்க சிஸ்டர், அப்புறம் வேர்த்துக் கொட்டித் தூங்கிருது. கணைன்னு சொல்லி மருந்துகூட ஊத்திப் பார்த்தோமுங்க."

எக்கோ எடுத்துப் பார்த்ததில் இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தது. சில மாதங்களில் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை பிள்ளை எடை ஏற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை வாய் திறக்காத தாய் இரண்டு கேள்வி கேட்டார். "கிரகணத்தன்னைக்கு நான் வெளியில வந்ததாலயா சிஸ்டர்?" என்பது ஒன்று. "இப்ப வீட்டுக்குப் போய் நான் என்ன செய்யணும்?" என்பது மற்றொன்று.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலே இன்றைய பாடம். ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அந்த நாள்வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது பல மாத வேலை. அது வீட்டில் நடக்கிறது.

1. உள்ளே என்ன நடக்கிறது?

இருதயத்துக்கு நான்கு அறைகள். வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. நடுச்சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், அழுத்தம் மிகுந்த இடது பக்கத்து ரத்தம் வலது பக்கம் பாய்ந்து, திரும்பவும் நுரையீரலுக்கே போய்விடுகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. நமக்கு மலைப்படி ஏறினால் மூச்சு வாங்குவதுபோல, இந்தப் பிள்ளைக்குப் பால் குடித்தாலே மூச்சு வாங்குகிறது. குடித்த பாலின் சத்தும் மூச்சுக்கே செலவாகிறது. பிள்ளை இளைப்பது தாய்ப்பால் சத்தில்லாததால் அல்ல.

இன்னொரு வகை நீலக் குழந்தை. நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகி, நடுவில் ஓட்டையும் இருந்தால், பிராணவாயு சேராத ரத்தம் உடம்புக்குப் போய் உதடும் நாக்கும் நீலமாகும். நான்கு குறைகள் சேர்ந்து வரும் இவ்வகையை 1888-ல் தெளிவாக விவரித்தவர் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது.

ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஓர் இருதயக் குறை இருக்கிறது. எல்லாமே ஆபத்தானவை அல்ல. சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. எது சிறியது, எது பெரியது என்பதை எக்கோதான் சொல்லும்.

2. யார்மேல் குற்றம்?

கிரகணம் காரணமல்ல, தாய் தின்றதும் நடந்ததும் காரணமல்ல. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வரும் ருபெல்லா அம்மை, தாய்க்குக் கட்டுப்படாத சர்க்கரை, சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதும் ஓரளவு கூட்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடிவதில்லை. ஆகவே தாயைக் குற்றம் சாட்டும் பேச்சை வீட்டில் நிறுத்துவது மருந்து கொடுப்பதைப் போல அவசியம். மனம் நொந்து சாப்பிடாமல் இருக்கும் தாய், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுப்பது எப்படி?

3. வழி திறந்த விதம்

1944-க்கு முன் நீலக் குழந்தைகளுக்குச் சிகிச்சையே கிடையாது. அந்த ஆண்டு நவம்பர் 29-ம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆல்பிரட் பிளாலக் என்ற சர்ஜன், ஒரு சிறு பெண் குழந்தைக்கு, கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்தார். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். காது சரியாகக் கேட்காத அவர், குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்து இருதயத்தின் அதிர்வை உணர்ந்தவர். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையைச் செய்து பழகி, ஆபரேஷன் நேரத்தில் பிளாலக்கின் பின்னால் நின்று வழிசொன்னவர் விவியன் தாமஸ். கல்லூரிப் படிப்புக்கு வசதியில்லாத கறுப்பின உதவியாளர் அவர்.

நம் பக்கத்தில், 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனையில், 1949-ல் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே திறந்த இருதய ஆபரேஷன் நடந்தது. இந்தியாவில் இதைத் தொடங்கிய முதல் இடங்களில் அதுவும் ஒன்று. இன்று சென்னை, வேலூர், கோயம்புத்தூர், பெங்களூர் ஆகிய ஊர்களில் கைக்குழந்தைகளுக்கும் இது நடக்கிறது. இந்த ஊர்கள் எல்லாம் நம் சேலத்திலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கின்றன. ஆகவே இப்போது பெரிய தடை தூரமல்ல, தாமதம்.

4. பால் கொடுப்பது

தாய்ப்பாலே சிறந்தது. ஆனால் இந்தப் பிள்ளை ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்காது. இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை, இரவிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அரை மணிக்கு மேல் ஒரு வேளையை இழுக்க வேண்டாம். அதற்குமேல் உள்ளே போவதைவிடச் செலவாவதே அதிகம். பிள்ளை களைத்துவிட்டால் மீதிப் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாலாடையால் கொடுங்கள். பாலாடை நம் பாட்டிமார் தந்த நல்ல கருவி. கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். புட்டி வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் கூழ் ஆரம்பிக்கலாம். நம் ஊரில் மெலிந்த பிள்ளைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுகிற வழக்கம் உண்டு. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு. அதில் புரதம் மிகவும் குறைவு. வயிறு நிறையும், சதை பிடிக்காது. கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி ஒரு கரண்டி நெய் அல்லது எண்ணெய் விடுங்கள். பருப்பை மசித்துச் சேருங்கள். நாடெங்கும் முட்டை அனுப்புகிற நாமக்கல்லில் இருந்துகொண்டு நம் பிள்ளைக்கு முட்டை கொடுக்காமல் இருக்கலாமா? நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை பார்த்து அட்டையில் குறியுங்கள்.

5. தினமும் கவனிக்க வேண்டியவை

பிள்ளை தூங்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60-ம், அதன்பின் ஒரு வயதுவரை 50-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. ஓட்டை உள்ள பிள்ளைக்கு வழக்கமாகவே மூச்சு வேகமாக இருக்கலாம். ஆகவே அதன் வழக்கமான எண்ணிக்கையை எழுதி வையுங்கள். அது கூடினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காவிட்டாலோ அன்றே கொண்டுவர வேண்டும்.

நீலத்தை நகத்தில் மட்டும் பார்க்கக் கூடாது. குளிரில் எந்தப் பிள்ளைக்கும் நகம் நீலமாகும். பகல் வெளிச்சத்தில் நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள்.

மருந்தைக் கரண்டியில் ஊற்றாமல், மருந்துக்கடை தரும் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். கக்கிவிட்டால் கேட்காமல் மறுபடி கொடுக்க வேண்டாம். டிஜாக்சின் போன்ற மருந்து கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

தடுப்பூசிகளை நிறுத்தக் கூடாது. நெஞ்சு பலவீனம் என்று ஊசி போடாமல் விடுகிற வீடுகள் உண்டு. உண்மையில் இந்தப் பிள்ளைக்குத்தான் அவை மிகவும் தேவை. நிமோனியாவைத் தடுக்கும் ஊசி 2021 முதல் அரசின் அட்டவணையிலேயே இருக்கிறது.

6. நீலம் கூடி மூச்சு இறைத்தால்

நீலக் குழந்தை காலையில் எழுந்து அழும்போதோ, மலம் கழிக்கும்போதோ, திடீரென்று நீலம் அதிகமாகி, வேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டுத் துவண்டுபோகலாம். அப்போது பிள்ளையைத் தோளில் சாய்த்து, இரண்டு முழங்காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். கால் மடங்கும்போது உடம்பின் ரத்தக்குழாய்களில் தடை கூடி, நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகத் திரும்புகிறது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் விளையாட்டு நடுவில் தாமாகவே குந்தி உட்காருவதும் இதனால்தான். கூச்சலிடாமல் சமாதானப்படுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீலக் குழந்தையின் ரத்தம் கெட்டியானது. சித்திரை வெயிலில் பேதி, வாந்தி வந்து நீர் வற்றினால் மூளைக்குப் போகும் குழாய் அடைபடலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே உடனே வாருங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

7. விட்டுவிட வேண்டியவை

குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது, மூக்கில் ஊதுவது, தொண்டையில் விரல்விட்டுச் சளி எடுப்பது, எண்ணெய் புகட்டுவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பிள்ளை இருக்கும் அறையில் விறகடுப்பும் பீடியும் கூடாது. காது குத்துவதை ஆபரேஷனுக்குப் பின் டாக்டரைக் கேட்டுச் செய்யலாம். பல் முளைத்ததும் தினமும் சுத்தம் செய்யுங்கள். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்தில் தங்கிவிடக்கூடும்.

8. காலம் கடத்தக் கூடாது

பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் வயதுக்குள் மூடிவிட வேண்டும். நாள் கடந்தால் நுரையீரல் குழாய்கள் இறுகிப்போகும்; பின்பு ஓட்டையை மூடவும் வழியிருக்காது. எடைக்காகக் காத்திருப்பதும் அளவோடுதான். ஏறாத பிள்ளைக்கு டாக்டர்கள் முன்னதாகவே செய்வார்கள்.

ஏழைக் குடும்பங்களுக்கு, 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருதய ஆபரேஷன் உண்டு. 2013-ல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

பணத்தைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது நம் சேலத்தில்தான். ஏன் என்பது நமக்குத் தெரியும். ஆபரேஷன் தேவைப்பட்ட பிள்ளைகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அது குறைவாகக் கிடைத்ததை டெல்லியில் நடந்து 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நாம் முதலில் சொன்ன குழந்தையின் வீட்டிலும் தாத்தா, "பொட்டப் புள்ளைக்கு நெஞ்சக் கிழிக்கோணுமா?" என்றார். தகப்பன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே.

தாய் வாதாடவில்லை. எடை அட்டையை மட்டும் வாரந்தோறும் நிரப்பினார். முதல் வாரம் எடை கொஞ்சம் இறங்கிற்று. மருந்தினால் தேங்கிய நீர் வெளியேறியதே காரணம் என்று சொல்லித் தேற்றினோம். பின்பு வாரம் நூறு கிராம், நூற்றிருபது கிராம் என்று ஏறியது. இரவு இரண்டு மணிப் பாலைப் பாலாடையில் கொடுக்கும் வேலையைப் பாட்டி ஏற்றுக்கொண்டார். ஏழாம் மாதம் 5 கிலோவைத் தாண்டியபோது, சென்னைக்குப் புறப்படச் சொல்லிப் பெட்டியைக் கட்டியவரும் அந்தப் பாட்டிதான். "ராத்திரி முழிச்சு வளர்த்தது நானு. விட மாட்டேன்" என்றாராம்.

ஓட்டை மூடப்பட்டது. நெஞ்செலும்பு கூடும் வரை ஆறு வாரம் அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், தலைக்கும் இடுப்புக்கும் கீழே கைகொடுத்துத் தூக்கினார்கள். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித் திரும்புவதில்லை. நன்றாக வளர்த்தும் இழந்த தாய்மாரை நாங்கள் அறிவோம். அவர்கள் செய்தது ஒன்றும் வீணல்ல, குறையும் அவர்களுடையதல்ல.

நீங்கள் அனுப்பும் காணிக்கை, காப்பீடு கொடுக்காதவற்றுக்குப் போகிறது. பஸ் கட்டணம், பிள்ளையோடு தங்கும் தாய்க்குச் சாப்பாடு, தறியை நிறுத்திய நாட்களின் கூலி, கிராமத்துக்கு ஒரு தராசு ஆகியவையே அவை.

நினைவில் கொள்ள

பால் குடிக்கும்போது வேர்ப்பதும், எடை ஏறாததும், அடிக்கடி நெஞ்சுச் சளியும் இருதயத்தின் அடையாளமாக இருக்கலாம். அடிக்கடி, கொஞ்சமாக, அரை மணிக்குள் பால். வாரம் ஒரு எடை. நீலம் கூடினால் முழங்கால் வயிற்றோடு. தடுப்பூசி தவறாமல்.

சிந்திக்க

நம் தெருவில் எடை ஏறாத கைக்குழந்தை உண்டா? அதன் தாயிடம் கடைசியாக நாம் பேசிய வார்த்தை என்ன? இரவு இரண்டு மணிப் பாலுக்கு அவருக்கு மாற்றாக விழித்திருக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?