பழைய ஜிப்ஸியைத் தூக்குமுன்: ஸ்பிரிங்கும் அகல ஆக்சிலும் தேர்ந்தெடுக்கச் சில விதிகள்

மாருதி ஜிப்ஸி 1985இல் வந்தபோது முன் சக்கரங்களுக்கு இடையே 1,210 மி.மீ., பின் சக்கரங்களுக்கு இடையே 1,220 மி.மீ. அகலம்தான் இருந்தது. 1993இல் நிறுவனமே இரண்டையும் 90 மி.மீ. கூட்டியது. அதைத்தான் இன்றும் ‘வைட் ட்ராக்’ என்கிறார்கள். பழைய ஒடுக்கமான ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் எத்தனை இன்ச் தூக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அகலத்தைப் பற்றிய பேச்சும் அதோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

கணக்கு எளிது. சக்கர அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால், வண்டி கவிழாமல் நிற்கும் தன்மை ஓரளவு தெரிந்துவிடும். எடை மையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,210 அகலத்துக்கு விடை 0.93. அதே வண்டியை 50 மி.மீ. தூக்கினால் 0.86. தூக்கிய வண்டிக்கு வைட் ட்ராக் ஆக்சில் போட்டால் மறுபடியும் 0.93. ஆக, அகல ஆக்சில் தரும் லாபம் முழுவதையும் 2 அங்குல உயரமே தின்றுவிடுகிறது. கீழே உள்ள ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

செய்ய வேண்டியவை

1. டயரை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்பிரிங் பாடியைத்தான் தூக்கும். டிஃப்ரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் இடிப்பதோ டிஃப்ரன்ஷியல்தான். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். 205/70 ஆர்15 டயருக்குப் பதில் 215/75 போட்டால் டிஃப்ரன்ஷியல் சுமார் 18 மி.மீ. உயரும், 235/75 போட்டால் சுமார் 33 மி.மீ. அந்த டயர் உரசாமல் திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு லிஃப்ட் போதும்.

2. இப்போதைய உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். சமதரையில் நிறுத்தி, நான்கு பக்கமும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்துப் பாருங்கள். முப்பது வருட வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்து ஒரு பக்கம் இறங்கியிருப்பது வழக்கம். புதிய ஒரிஜினல் அளவு ஸ்பிரிங்கும் புஷ்ஷும் போட்டாலே பலருக்கு வேண்டிய உயரம் திரும்பக் கிடைத்துவிடும்.

3. சுமக்கப்போகும் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்குங்கள். சாஃப்ட் டாப் ஜிப்ஸி ஒரு டன்னை ஒட்டிய எடைதான். வின்ச், இரும்பு பம்பர், மேலே கேரியர் என்று ஏற்றப்போகிறீர்களா, வெறும் வண்டியாக ஓட்டப்போகிறீர்களா என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். தேவைக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வண்டி உயரமாகத் தெரியும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்காமல் அந்தரத்தில் சுற்றும்.

4. ஆக்சிலை முழு செட்டாக வாங்குங்கள். முன், பின் இரண்டும். ஹப் முதல் ஹப் வரை, பிரேக், நக்கிள், டை ராடு உட்பட. ஒடுக்க ஆக்சிலின் டை ராடும் பக்க ஷாஃப்டுகளும் அகல ஆக்சிலுக்கு நீளம் போதாது. ஸ்பிரிங் உட்காரும் பேடுகளின் இடைவெளியைப் பழையதோடு ஒப்பிட்டு அளந்த பிறகு பணம் கொடுங்கள்.

5. காயலான் கடையிலேயே ரேஷியோவைச் சரிபாருங்கள். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்க ஹப்பை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளான்ஜில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்தான் ரேஷியோ. நான்குக்குச் சற்று மேலா கீழா என்பது கோடு நிற்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். முன்னும் பின்னும் ஒன்றாக இல்லாவிட்டால், ஃபோர் வீல் போட்டதும் கியர்களும் ஷாஃப்டுகளும் ஒன்றோடொன்று இழுபறி நடத்தும்.

6. ஹவுசிங் நேராக இருக்கிறதா பாருங்கள். பின் ஆக்சிலில் இரண்டு சக்கரங்களை மாட்டி, டயர்களின் முன் விளிம்புகளுக்கு இடையிலும் பின் விளிம்புகளுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது, வாங்க வேண்டாம். முன் ஆக்சிலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங், வீல் பேரிங் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

7. வேலை முடிந்ததும் சேசிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயின்ட் பாதிக்கு மேல் வெளியே வந்திருக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர்தான் ஆக்சிலைத் தாங்கி நிற்கிறது என்றால் அது குட்டை, நீளமானது வேண்டும்.

செய்யக்கூடாதவை

1. உயரத்துக்காக நீள ஷாக்கிளை மட்டும் நம்பாதீர்கள். ஷாக்கிளில் கூட்டும் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஜிப்ஸியில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்பக்கம் இருப்பதால், அதை நீட்டினால் கேஸ்டர் குறையும். வேகத்தில் ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும்.

2. முன் ஆக்சிலில் லிஃப்ட் பிளாக் வைக்கவே வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது விசையின் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. பிளாக் நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

3. சாலையில் ஓடும் ஒடுக்க ஜிப்ஸியில் ஆக்சிலை ஸ்பிரிங்குக்குக் கீழே மாற்றாதீர்கள். ஒரே அடியில் 4 அங்குலத்துக்கு மேல் உயரும். அகல ஆக்சில் அதில் பாதியைத்தான் ஈடுகட்டும். ஸ்டியரிங் டிராக் லிங்க்கும் ஸ்பிரிங்கில் இடிக்கும். அதற்கென்று தனி லிங்க் செய்ய வேண்டிவரும்.

4. ஆக்சிலுக்குப் பதிலாகத் தடித்த வீல் ஸ்பேசர் போட்டு அகலம் காட்டாதீர்கள். அகலம் கூடுவது உண்மைதான். ஆனால் சக்கரம் ஹப்பை விட்டு விலக விலக, வீல் பேரிங், கிங்பின் பேரிங், ஸ்டட் மூன்றின் மேலும் நெம்பு விசை ஏறும்.

5. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே இறுக்கம் தராது. புதியது போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும்.

6. ஸ்பீடோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். 205/70 டயருக்குப் பதில் 235/75 போட்டால், முள் 60 காட்டும்போது உண்மை வேகம் கிட்டத்தட்ட 66.

7. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் வெல்டிங்கைத் தொடங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கக்கூடும். போட்டிக்கும் தனியார் நிலத்துக்கும் மட்டுமான வண்டி என்றால் அதை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

வரிசை மாறக் கூடாது: டயர், அதற்கு வேண்டிய லிஃப்ட், அதைத் தாங்கும் அகலம், அதன் பிறகே வின்ச்சும் விளக்கும். சாலையில் ஓடும் பழைய ஜிப்ஸிக்கு 2 அங்குலமே எல்லை. அகல ஆக்சிலுக்குக் காசும் அனுமதியும் இல்லையென்றால் அந்த 2 அங்குலமும் வேண்டாம். புது ஸ்பிரிங், புது புஷ், நல்ல டயர் போட்டு ஓட்டுங்கள். சரிவில் வண்டி ஒருக்களிக்கும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரின் உயிரும் உங்கள் தேர்வைத்தான் நம்பியிருக்கிறது.