ஸ்மார்ட் வாட்ச்: பேட்டரியும் உடல்நலக் கணக்கும்



விடியுமுன் கொள்முதலுக்குப் புறப்பட்டு, இரவு கல்லா கட்டும்வரை உழைப்பவர்கள் நாம். மீஞ்சூரிலும் நம்மவர் கைகளில் ஸ்மார்ட் வாட்ச் ஏறிவிட்டது. அதன் தரத்தையும் பார்த்து வாங்குவோம்.

முதலில் பேட்டரி. பெட்டியில் அச்சிட்ட நாள் கணக்கு அப்படியே கிடைக்காது. அணையாத திரை, ஜி.பி.எஸ்., புளூடூத் பேச்சு, இரவெல்லாம் ஆக்சிஜன் அளப்பது ஆகியவை பேட்டரியை விரைவில் தீர்க்கும். தேவையற்றதை நிறுத்தி வைக்கலாம். லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறியபின் வலுக் குறையும். தினமும் ஏற்றினால் ஆண்டுக்கு 365 முறை. வாரம் ஒருமுறையென்றால் 52 முறைதான். சார்ஜரில் கிடக்கும் வாட்ச் எதையும் அளக்காது. ஆகவே குளிக்கும் நேரத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது.

அடுத்து பயன். தோலில் ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. நாடி, நடை, தூக்கம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தை அறிய உதவும். ஆனால் சர்க்கரை அளவும் காட்டும் என்று விற்றால் நம்ப வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் வாட்ச் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையையோ இன்சுலினையோ மாற்றினால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனையே சரி. நெஞ்சுவலி வந்தால் வாட்சைப் பார்த்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

முத்திரையில்லாத தராசில் சரக்கு நிறுப்பது முறையல்ல. நம் உடல்நலத்தையும் அப்படி நிறுக்க வேண்டாம்.