மினி டிராக்டர் வாங்கலாமா? ஓடும் மணிகளை எண்ணிப் பார்ப்போம்

சாலைக் கடைவீதியில் தொழில் நடத்தும் தமிழ் வணிகக் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று கடைக்கணக்கு, மற்றொன்று நிலக்கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த கடைவீதி இது. அந்நாளில், திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில் நாடும் இதே அரசின் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை மாறிற்றே தவிர, கடை இங்கும் நிலம் அங்குமாக வாழும் வழக்கம் மாறவில்லை. வேறு சிலருக்கு நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் உள்ளன.

இக்குடும்பங்கள் நம் கிளைகளில் அண்மைக்காலமாக அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று: “தோட்ட வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரு மினி டிராக்டர் வாங்கிவிடலாமா?” வினா எளியது. விடையோ, தவறினால் கடையின் கொள்முதல் பணத்தையே முடக்கிவிடக்கூடியது. வாங்காமல் விட்டாலும், களை மண்டிய தோப்பு ஆண்டுக்காண்டு விளைச்சல் குன்றி, இறுதியில் விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே, இம்முடிவை எவ்வாறு கணக்கிட்டு எடுப்பது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

1. மினி டிராக்டர் எதற்கு ஏற்றது?

ஏறத்தாழ 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள, அகலம் குறைந்த டிராக்டர்களையே மக்கள் மினி டிராக்டர் என்கின்றனர். தென்னை மரங்களுக்கிடையே பொதுவாக 7.5 மீட்டர், அதாவது 25 அடி, இடைவெளி விடப்படுகிறது. அதில் பெரிய டிராக்டரும் நுழையும். ஆனால் ஊடுபயிராக வாழையோ மரச்சீனியோ நட்ட தோப்பில் அது திரும்புவது அரிது. அங்கேதான் சிறிய வண்டிக்கு மதிப்பு.

வண்டியின் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகத்தில் சுழன்று, இணைத்த கருவிக்கு ஆற்றலைத் தருகிறது. இதனால் ஒரே வண்டி ரோட்டவேட்டரை இயக்கும்; மருந்து தெளிக்கும்; தென்னை மட்டையைத் தூளாக்கும்; டிரெய்லரில் எருவையும் காயையும் இழுக்கும்.

உழவு மட்டுமே தேவை எனில், பவர் டில்லர் குறைந்த விலையில் அவ்வேலையை முடித்துவிடும். 1973இல் தொடங்கப்பட்டு, எறணாகுளம் மாவட்டம் அத்தாணியைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசு நிறுவனமான கேம்கோ நெடுங்காலமாகப் பவர் டில்லர்களைத் தயாரித்து வருவதும் இங்குள்ள நிலத்தின் அளவைக் கருதியே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு நில உடைமையின் சராசரி அளவு கேரளத்தில் 0.18 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 45 சென்ட். தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர். எனவே ‘டிராக்டர் நல்லதா?’ என்பதைவிட, ‘என் நிலத்தில் அதற்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டா?’ என்பதே சரியான வினா.

2. ஒரு மணி நேரத்தின் விலை

டிராக்டரின் செலவு இரு வகைப்படும். வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் ஆவது நிலைச்செலவு. ஓடினால் மட்டுமே ஆவது ஓட்டச்செலவு. வாங்குவோர் பெரும்பாலும் டீசலை மட்டும் எண்ணுகின்றனர், நிலைச்செலவை மறந்துவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக நாம் கொண்டவை. தங்கள் விலைப்புள்ளியிலுள்ள தொகைகளை இவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

வண்டி, ரோட்டவேட்டர், சிறு டிரெய்லர் மூன்றுக்கும் சேர்த்து விலை ரூ.6,00,000 எனக் கொள்வோம். 10 ஆண்டு கழித்து ரூ.1,50,000க்கு விற்கலாம் எனில், ஆண்டுத் தேய்மானம் ரூ.45,000. தொடக்க விலைக்கும் இறுதி விலைக்கும் நடுவிலுள்ள சராசரி முதல் ரூ.3,75,000. அதற்கு 10 விழுக்காடு வட்டி ரூ.37,500. காப்பீடு, வரி, கொட்டகைப் பராமரிப்பு ரூ.12,500. ஆக, ஆண்டு நிலைச்செலவு ரூ.95,000.

ஓட்டச்செலவாக டீசலுக்கு ரூ.240, ஓட்டுநர் கூலிக்கு ரூ.150, எண்ணெய், டயர், பழுதுக்கு ரூ.110 என மணிக்கு ரூ.500 கொள்வோம்.

ஆண்டுக்கு 100 மணி ஓடினால் ஒரு மணியின் அடக்கவிலை ரூ.1,450. 250 மணி ஓடினால் ரூ.880. 400 மணி ஓடினால் ஏறத்தாழ ரூ.738. வண்டி அதுவே, நிலைச்செலவும் அதுவே, ஓடும் மணிகள் கூடக்கூட விலை இறங்குகிறது.

அதே வேலைக்கு வாடகை வண்டி மணிக்கு ரூ.1,000 எனில், ஓடும் ஒவ்வொரு மணிக்கும் சொந்த வண்டி ரூ.500 மிச்சப்படுத்துகிறது. ரூ.95,000ஐ ரூ.500ஆல் வகுத்தால் 190 கிடைக்கும். ஆண்டுக்கு 190 மணிக்குக் குறைவாக ஓடும் வண்டி நட்டம். அதற்கு மேல் ஓடும் வண்டி ஆதாயம். இந்த எல்லை மணியைக் கண்டறிவதே இப்பாடத்தின் மையம்.

3. தோப்பிலுள்ள வேலை எத்தனை மணி?

3 ஏக்கர் தென்னந்தோப்பைக் கொள்வோம். இடவப்பாதி மழைக்கு ஒன்று, துலா மழைக்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டு உழவு. ஏக்கருக்கு ஒன்றரை மணி வீதம் 9 மணி. மட்டை தூளாக்க மாதம் 2 மணி வீதம் 24 மணி. காயும் எருவும் இழுக்க மாதம் 4 மணி வீதம் 48 மணி. மருந்துத் தெளிப்பு முதலிய பிற வேலைகளுக்கு 9 மணி. மொத்தம் 90 மணி.

உழவு கூடினால் மணி கூடுமே என எண்ணலாகாது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள் பரவியிருக்கும். அந்த வட்டத்துக்குள் அடிக்கடி ஆழ உழுதால் மரத்துக்கே கேடு. வண்டிக்காக வேலையைப் பெருக்குவது வேளாண்மையன்று.

90 மணிக்கு வாடகை வண்டி எனில் செலவு ரூ.90,000. சொந்த வண்டி எனில் ரூ.95,000உடன் ரூ.45,000 சேர்ந்து ரூ.1,40,000. ஆண்டுக்கு ரூ.50,000 கூடுதல். 10 ஆண்டில் இது ரூ.5,00,000.

‘மழை பெய்த மறுநாள் வாடகை வண்டி வருவதில்லையே’ என்பது நியாயமான மறுமொழி. காலத்தே செய்யும் வேலைக்கு விலை உண்டு. அவ்விலை எவ்வளவு என்பதையும் எழுதிப் பாருங்கள். தாமதத்தால் ஆண்டுதோறும் ரூ.50,000க்கு மேல் விளைச்சல் இழப்பதாகத் தங்கள் கணக்கு காட்டினால், சொந்த வண்டி தகும். காட்டாவிட்டால், அது வசதிக்குக் கொடுக்கும் விலை என்ற தெளிவோடு முடிவெடுக்கலாம்.

4. மூன்று வீடு, ஒரு வண்டி

அண்ணன் தம்பியரோ அடுத்த தோப்பினரோ மூன்று வீட்டார் சேர்ந்தால், மணிகள் 270 ஆகின்றன. ஒரு மணியின் அடக்கவிலை ஏறத்தாழ ரூ.852. வாடகையைவிட ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு ரூ.13,000க்கு மேல் மிச்சம். மூவருக்கும் ஒரே மழையில் உழவு வேண்டுமே என்ற அச்சம் எழலாம். ஒரு பருவ உழவு வீட்டுக்கு நாலரை மணிதான். நாளொன்றுக்கு 6 மணி ஓடினால் மூன்று தோப்பும் மூன்றே நாளில் முடியும்.

ஆயினும் உறவு நிலைக்க எழுத்து வேண்டும். பதிவு யார் பெயரில், கடனுக்குப் பொறுப்பு யார், முறைவரிசை எப்படி, பழுதுச் செலவு எப்படிப் பங்கிடப்படும், ஒருவர் விலகினால் அவர் பங்கை எவ்வாறு மதிப்பிடுவது ஆகிய ஐந்தையும் வாங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். வண்டியில் மணி காட்டும் மீட்டர் உள்ளது. வேலைக்கு முன்னும் பின்னும் அதைக் குறித்துவந்தால் வாக்குவாதத்துக்கு இடமிராது.

5. தவணை எந்தக் கணக்கிலிருந்து வரும்?

விலையில் ரூ.1,00,000 சொந்தப் பணம், ரூ.5,00,000 வங்கிக் கடன், வட்டி 10 விழுக்காடு, 7 ஆண்டு, அரையாண்டுத் தவணை எனில், தவணைத் தொகை ஏறத்தாழ ரூ.50,500. ஆண்டுக்கு ரூ.1,01,000. இதனுடன் காப்பீடு முதலியன ரூ.12,500, 90 மணி ஓட்டச்செலவு ரூ.45,000 சேர்ந்தால், கையிலிருந்து ஆண்டுதோறும் ரூ.1,58,500 வெளியேறும்.

தோப்பின் வரவைப் பார்ப்போம். ஏக்கருக்கு 70 மரம் வீதம் 210 மரம், மரத்துக்கு 80 காய் வீதம் 16,800 காய், காய்க்கு ரூ.20 எனில் ரூ.3,36,000. இதில் ஏறத்தாழ பாதியை வண்டி ஒன்றே கொண்டுபோகும். வெட்டுக்கூலி, உரம், நீர் ஆகியவற்றுக்கு மீதி போனபின் குடும்பத்துக்கு எஞ்சுவது சிறிதே. விலை வீழும் ஆண்டில் தவணையைக் கடைதான் கட்ட வேண்டிவரும்.

வணிகப் பெருமக்கள் குறிப்பாகக் கருத வேண்டிய இடம் இதுவே. கடைக்கான ரொக்கக் கடன் வரம்பிலிருந்து எடுத்து வண்டிக்கு முன்பணம் கட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும். அவ்வரம்பு சரக்கு வாங்கி, விற்று, திரும்பக் கட்டுவதற்கானது. அதை 10 ஆண்டு நிற்கும் சொத்தில் முடக்கினால், ஓணத்துக்குச் சரக்கு இறக்க வேண்டிய ஆவணி மாதத்தில் கை வறண்டுவிடும். நீண்டகாலச் சொத்துக்கு நீண்டகாலக் கடன். சுழலும் சரக்குக்குச் சுழலும் கடன். இது கணக்கியலின் முதற்பாடம்.

தவணைக்காலமும் விளைச்சலோடு பொருந்த வேண்டும். தென்னையில் ஏறத்தாழ 45 நாளுக்கொரு வெட்டு நடப்பதால் காலாண்டுத் தவணை இயையும். நாஞ்சில் நாட்டு நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பருவங்கள் உள்ளதால் அரையாண்டுத் தவணை பொருந்தும். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுப் பெறுங்கள்.

6. மானியமும் வாடகை மையங்களும்

2014-15இல் தொடங்கிய நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ், உழவர் பிரிவைப் பொறுத்து 40 முதல் 50 விழுக்காடு வரை, உச்சவரம்புக்குட்பட்டு மானியம் தர வழியுண்டு. ஆண்டு ஒதுக்கீடும் தகுதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஒப்புதல் ஆணை கைக்கு வரும் முன் வண்டி வாங்கிவிடாதீர்கள். மானியம் வராவிட்டாலும் தாங்குமா என்று கணக்கிட்ட பின்பே இறங்குங்கள்.

டிராக்டருக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. விலைப்புள்ளியில் புதிய விகிதம் உள்ளதா எனச் சரிபாருங்கள்.

எல்லை மணியை எட்டாதவர்களுக்கு வாடகையே நல்வழி. கேரளத்தில் வேளாண் சேவை மையங்களும் கார்ஷிக கர்ம சேனைகளும் உள்ளன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். ஊரில் வாடகை மையம் அமைக்க முன்வரும் குழுக்களுக்கு, 2020இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ், ரூ.2 கோடி வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை 7 ஆண்டு வரை உண்டு.

7. பதிவு, காப்பீடு, உயிர்ப் பாதுகாப்பு

வீடு ஒரு மாநிலத்திலும் நிலம் மற்றொன்றிலும் இருப்போர், வண்டி வழக்கமாக எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். டிரெய்லருக்கும் பதிவும் காப்பீடும் உண்டா எனப் பாருங்கள். வேளாண் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பீட்டை வைத்துக்கொண்டு செங்கல், மணல் ஏற்றி வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.

எல்லாவற்றினும் மேலானது உயிர். இப்பகுதியின் சரிவான செம்மண் மேடுகளில் டிராக்டர் கவிழ்வதே பெரும் ஆபத்து. கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டியையே தேர்ந்தெடுங்கள். மரத்தடியை இழுக்கும்போது சங்கிலியைக் கீழுள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்புறமாகப் புரண்டுவிடும். சுழலும் பி.டி.ஓ. தண்டின் உறையைக் கழற்றிவிட்டு, வேட்டி, துண்டு, முந்தானையுடன் அருகே செல்லலாகாது. மட்கார்டின் மேல் குழந்தைகளை ஏற்றவே வேண்டாம்.

8. பயிற்சி

ஒரு நோட்டை எடுத்து, வரும் 12 மாதங்களில் தங்கள் நிலத்தில் இயந்திரம் செய்த, அல்லது செய்திருக்கக்கூடிய, ஒவ்வொரு வேலையையும் மணிக்கணக்கில் குறியுங்கள். வாடகை கொடுத்திருந்தால் அதையும், காலம் தவறியதால் நேர்ந்த இழப்பையும் எழுதுங்கள். ஆண்டு இறுதியில் நிலைச்செலவை, வாடகைக்கும் ஓட்டச்செலவுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து எல்லை மணியைக் காணுங்கள்.

தங்கள் மணி எல்லையைத் தாண்டினால், நோட்டுடன் நில வரி ரசீது, உரிமைப் பத்திரம், இரு விற்பனையாளரின் விலைப்புள்ளி, கடை, நிலம் இரண்டின் வரவு செலவு விவரம் ஆகியவற்றைக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். தாண்டாவிட்டாலும் அந்த நோட்டு வீணன்று. பங்கு சேரக்கூடிய அடுத்த வீட்டாரிடம் முதலில் காட்ட வேண்டியது அதுவே.