சோனகர்: ஒரு சொல்லின் வரலாறு

நம்மிற் பெரும்பாலோரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், இனம் குறிக்கப்படும் இடத்தில், ‘இலங்கைச் சோனகர்’ என்று எழுதப்பட்டிருக்கும். யாழ்ப்பாண நகரில் நமது மக்கள் செறிந்து வாழும் பகுதிக்குச் சோனகதெரு என்று பெயர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியை என்பதால் மாணவியர் என்னிடம் கேட்பதுண்டு: “டீச்சர், சோனகர் என்றால் அரபியர் என்றுதானே பொருள்? அப்படியென்றால் நாங்கள் வெளியிலிருந்து வந்தவர்களா?” இக்கேள்விக்கு விடை காண, முதலில் அச்சொல் வந்த வழியை அறிய வேண்டும்.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலே அயோனியா என்றொரு பகுதி இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் கிரேக்கரில் ஒரு பிரிவினர். கிரேக்கருள் பாரசீகருக்கு அண்டை அயலாராக இருந்தவர்கள் இவர்களே. ஆதலால் பாரசீகர் கிரேக்கர் அனைவரையுமே ‘யவுனா’ என்று அழைத்தனர். அச்சொல் வடமொழியில் ‘யவன’ என்றும் பாளியில் ‘யோன’, ‘யோனக’ என்றும் வழங்கியது. அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு, அந்தியோக்கஸ் என்னும் கிரேக்க மன்னனை யோன அரசன் என்றே குறிக்கிறது.

தமிழில் இச்சொல் இரு வடிவங்களில் நிலைத்தது. ஒன்று யவனர். யவனரின் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூறு கூறுகிறது. மற்றொன்று சோனகர். இது யோனகர் என்பதன் திரிபு என்பது அறிஞர் பலரின் கருத்து. பிறமொழி வழங்கும் நாடுகளை வரிசைப்படுத்தும் பழஞ்செய்யுள் ஒன்று நன்னூல் உரைகளிற் காணப்படுகிறது. அதிலே சிங்களம், சாவகம், சீனம் ஆகியவற்றோடு சோனகமும் இடம்பெறுகிறது.

கிரேக்கரைக் குறித்த சொல் முஸ்லிம்களைக் குறித்தது எவ்வாறு? காலம் செல்ல மேற்குக் கடல் வணிகம் அரபியர் கைக்கு வந்தது. கப்பலில் வந்தவர்கள் மாறினார்கள். கரையில் இருந்தவர்களோ பழைய பெயராலேயே அவர்களையும் அழைத்தார்கள். பின்னர் அவ்வணிகரோடு மணவுறவாலும் மார்க்கத்தாலும் இணைந்த உள்ளூர் மக்களுக்கும் அப்பெயர் உரியதாயிற்று.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் நம்மவரை ‘மூரோ’ என்றனர். அது வடமேற்கு ஆபிரிக்காவின் மோரித்தானியா என்னும் பழைய நாட்டோடு தொடர்புடைய சொல். தங்கள் நாட்டில் தாங்கள் அறிந்த முஸ்லிம்களின் பெயரை இங்கிருந்தவர்களுக்கும் சூட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘மூர்’ என்று வழங்குவது இதுவே. ஆக, நமது மக்களைக் குறிக்கும் ஒரு பெயர் கிரேக்கரிடமிருந்தும் மற்றொன்று ஆபிரிக்காவிலிருந்தும் வந்துள்ளன. நாமோ கிரேக்கரும் அல்லர், மொரோக்கோ நாட்டவரும் அல்லர்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்கண்டிநேவிய மொழிகளின் வரலாற்றிலும் ஓர் உதாரணம் உண்டு. சுவீடன் பகுதியிலிருந்து படகுகளில் ஆறுகள் வழியே கிழக்கே சென்ற வணிகர்கள் ‘ரூஸ்’ எனப்பட்டார்கள். துடுப்பு வலித்தலைக் குறிக்கும் பழைய ஸ்கண்டிநேவியச் சொல்லே இதன் மூலம் என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. 922இல் வொல்கா ஆற்றங்கரையில் ரூஸ் மக்களைக் கண்ட இப்னு பழ்லான் என்னும் அரபுப் பயணி அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பின்லாந்து மக்கள் இன்றும் சுவீடனை ‘ருஒட்சி’ என்றே சொல்கிறார்கள். அதே ‘ரூஸ்’ என்னும் பெயரிலிருந்துதான் ருஷ்யா என்ற பெயரும் பிறந்தது. ஆனால் அதை வைத்து ருஷ்யரைச் சுவீடன் நாட்டவர் என்று எவரும் சொல்வதில்லை.

நம் நாட்டில் இவ்விடயம் பெரும் விவாதமாகவே நடந்தது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டார். அதை மறுத்து, அரபு வழித்தோன்றலை வலியுறுத்தி ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூல் எழுதினார். அது அரசியற் பிரதிநிதித்துவத்தோடு பிணைந்த விவாதம். அதற்குள் நான் நுழையவில்லை. சொல்லாராய்ச்சி கற்பவர்க்கு நான் சொல்வது ஒன்றே: ஒரு பெயரின் மூலத்தைக் கொண்டு ஒரு மக்களின் மூலத்தைத் தீர்மானிக்க முடியாது. பெயர் பெரும்பாலும் பிறர் இட்டது. யார் இட்டார், எப்போது இட்டார், யாரைக் கண்டு இட்டார் என்பவற்றையே அது நமக்குச் சொல்லும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகள் சோனகதெருவைக் காணாமலே அதன் பெயரை உம்மா, வாப்பா வாயிலாகக் கேட்டு வளர்ந்தார்கள். அவர்களுக்கு அச்சொல் கிரேக்கத்தையோ அரபு நாட்டையோ குறிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கள் வீட்டையே குறித்தது. மாணவிகளே, “நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்களா?” என்று இனி எவரேனும் உங்களிடம் கேட்டால், சோனகர் என்ற சொல் வெளியிலிருந்து வந்தது என்றும், அதைச் சுமக்கும் நாம் இந்த ஊரவர் என்றும் தயங்காமற் சொல்லுங்கள்.