வளர்த்த மீனின் கடைசி நேரம்: புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குச் சில அறிவுரைகள்



கொளத்தூர் கலர் மீன் கடைகளில் மீன் வாங்க வருகிறவர்கள் நிறையக் கேட்பார்கள். என்ன தீனி போடுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, எதோடு எதைச் சேர்த்து விடலாம் என்றெல்லாம் கேட்பார்கள். மீன் இனிப் பிழைக்காது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த நாள் வரும்போது கை பதறுகிறது, தோன்றியதைச் செய்துவிடுகிறார்கள். வாய் திறந்து கத்தத் தெரியாத உயிருக்கு அது பெரிய கொடுமை. நெடுநாளாக மீன் வளர்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மீனுக்கும் வலிக்கும். இதை நம்பாதவர்களுக்கு மற்ற அறிவுரைகளால் பயனில்லை. 2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ரெயின்போ டிரவுட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, இப்படியும் அப்படியுமாக ஆடின, வெகுநேரம் இரையைத் தொடவில்லை. வலி குறைக்கும் மார்ஃபின் கொடுத்ததும் அந்தத் தவிப்பு குறைந்தது.

2. மீனைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீன், மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற மீன், துடுப்பை மடக்கிக்கொண்ட மீன் எல்லாமே சாகப்போகிறவை அல்ல. பல நேரம் தண்ணீர்தான் கெட்டிருக்கும். டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கை மாற்றுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும், தீனியை நிறுத்துங்கள். மறுநாளே துள்ளி எழுகிற மீன்கள் உண்டு.

3. தீரும் நோய் எது, தீராத நோய் எது என்று பிரித்துப் பழகுங்கள். உடம்பில் உப்புத் தூவியதுபோல் தெரியும் வைட் ஸ்பாட்டை ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம். துடுப்பு அரிப்பும் பெரும்பாலும் சரியாகும். வயிறு உப்பித் தலைகீழாக மிதக்கும் கோல்டு ஃபிஷை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைக் கொடுத்துப் பாருங்கள். ஒற்றைக் கண் போன மீனும் முதுகு வளைந்த கப்பியும் தின்று நீந்தி நன்றாகவே வாழும், அவற்றுக்கு முடிவு தேட வேண்டாம். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது உடம்பெங்கும் செதில்கள் குத்திட்டு நின்றால் அது டிராப்சி. சிறுநீரகம் செயலிழந்து உடலுக்குள் நீர் கோத்துவிட்டது என்று பொருள். அந்த நிலைக்கு வந்த மீன் மீள்வது அரிது. வாயை அடைத்து வளரும் கட்டியும், சதை தெரிய அழுகிய புண்ணும் அந்த வகைதான்.

4. நாலு நாள் எழுதி வையுங்கள். நோய் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, காலையும் மாலையும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இரை தின்றதா? நிமிர்ந்து நிற்க முடிகிறதா? கை அருகே போனால் விலகுகிறதா? நேற்றைவிட இன்று மேலா, கீழா? மருந்து கொடுத்தும் நான்குக்கும் தொடர்ந்து பாதகமான பதிலே வந்தால் மீன் தன் நிலையைச் சொல்லிவிட்டது. முடிந்தால் அந்தக் குறிப்பை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தூத்துக்குடி, பொன்னேரி பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள மீன்வளக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம்.

5. உங்கள் வசதியை வைத்து முடிவெடுக்காதீர்கள், உங்கள் ஆசையை வைத்தும் எடுக்காதீர்கள். மருந்து போடச் சலித்துக்கொண்டு நல்ல மீனைக் கொல்வது பாவம். இழக்க மனமில்லாமல், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மீனை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதும் பாவம்தான். வளர்த்தவன் பார்க்க வேண்டியது மீனின் வலியை மட்டுமே.

6. இவற்றை எந்நாளும் செய்யாதீர்கள். உயிரோடு கழிப்பறையில் கொட்டுவது, தண்ணீருக்கு வெளியே போட்டுச் சாக விடுவது, ஃப்ரீசரில் வைப்பது, கொதிநீரில் போடுவது, பூனைக்குக் கொடுப்பது. ஃப்ரீசர் மீனை மெல்லத் தூங்க வைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. கழிப்பறையில் கொட்டுவதையும் மெதுவாக உறைய வைப்பதையும் ஏற்க முடியாத முறைகள் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறது.

7. வீட்டில் செய்யக்கூடியது கிராம்பு எண்ணெய் முறை. அதிலுள்ள யூஜினால் மீனை மயங்க வைக்கும், அளவு கூடினால் மயக்கத்திலேயே உயிர் பிரியும். வேறு எண்ணெய் கலக்காத சுத்தமான கிராம்பு எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு பாத்திரத்தில் அளந்து எடுத்து மீனை அதில் விடுங்கள். புதுத் தண்ணீர் வேண்டாம், சூடு மாறினால் மீன் அதிரும். லிட்டருக்கு ஒரு சொட்டு எண்ணெயை, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் உள்ள சிறு பாட்டிலில் விட்டு, வெள்ளையாகக் கலங்கும் வரை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காமல் ஊற்றினால் எண்ணெய் மேலேயே மிதக்கும். கலங்கியதைச் சில நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மீன் முதலில் தடுமாறும், பிறகு பக்கவாட்டில் சாயும், செவுள் மெதுவாக அசையும். வாலைத் தொட்டால் அசைவு இல்லை என்று ஆன பிறகுதான் அடுத்த அளவு. ஊசியில்லாத சிரிஞ்சால் லிட்டருக்கு அரை மில்லி எடுத்து, அதேபோல் குலுக்கி ஊற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு அளவையும் கொட்டினால் மீன் மிரண்டு துடிக்கும்.

8. செவுள் நின்றதும் எடுத்துவிடாதீர்கள். செவுள் நின்ற பிறகும் மீனின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். சீக்கிரம் எடுத்துவிட்டால் விழித்துக்கொள்ளவும் கூடும். கடைசிச் செவுளசைவுக்குப் பிறகு குறைந்தது 10 நிமிடமாவது வேண்டும், நான் அரை மணி நேரம் விடச் சொல்வேன். ஃபைட்டர், குராமி போன்றவை காற்றையும் சுவாசிக்கும், அவற்றுக்கு நேரம் கூடலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.

9. பெரிய மீனை நீங்களே கையாளாதீர்கள். முழங்கை நீள அரோவானாவையோ வளர்ந்த ஆஸ்கரையோ பாத்திரத்தில் அடக்க முடியாது, அது அடித்துப் புரளும். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மீனுக்கென்றே டிரைக்கெய்ன் என்ற மயக்க மருந்து இருக்கிறது, அதை அளவறிந்து கொடுப்பது அவர் வேலை.

10. உயிரோடிருக்கும் நோய் மீனை ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். "எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்று விடுவது கருணை போலத் தெரியும். அந்த மீன் அங்கே பிழைக்காது, அதன் நோய் மட்டும் நாட்டு மீன்களுக்குப் போய்ச் சேரும். நோயில்லாத மீனையும் விடக் கூடாது. தொட்டியிலிருந்து வெளியே போன சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கெடுக்கிறது. இறந்த மீனை மண்ணில் ஆழமாகப் புதையுங்கள். எண்ணெய் கலந்த தண்ணீரும் அதில் பட்ட வலையும் திரும்பத் தொட்டிக்குள் போகவே கூடாது.

11. உங்கள் கையையும் மற்ற மீன்களையும் காப்பாற்றுங்கள். மீன்களுக்குக் காசநோய் தரும் ஒரு வகைப் பாக்டீரியா, கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதத் தோலிலும் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். நோய்த் தொட்டியில் கை வைக்கும்போது உறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டியில் மிச்சமுள்ள மீன்களை இரண்டு வாரம் உற்றுக் கவனியுங்கள், அதுவரை புது மீன் வாங்காதீர்கள்.

12. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "கடலுக்குப் போய்விட்டது" என்றால் நாளைக்குக் கண்டுபிடிப்பார்கள், அதன் பிறகு நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டார்கள். மீனுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, வலிக்காமல் போக உதவினோம் என்று நேராகச் சொல்லுங்கள். புதைக்கும்போது கூட வரட்டும்.

இதைப் படித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். சிறு பாட்டில் கிராம்பு எண்ணெயும் ஒரு சிரிஞ்சும் வாங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மீன் மருந்துப் பெட்டியில் வையுங்கள். தேவை வரும் ராத்திரியில் கடை திறந்திருக்காது. மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள், அதன் கடைசி மூச்சு வரைக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான்.