தட்டினா 'டப்'புன்னு கேக்கணும்

தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் குடைவார்கள். கம்பியோடு சேர்ந்து மரமும் பாடணும். ஸ்பீக்கர் பெட்டி அதற்கு நேர் எதிர். பாட வேண்டியது டிரைவர் மட்டும்தான், மரம் வாயே திறக்கக் கூடாது.

பெட்டி எதுக்கு? கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். இரண்டும் கலந்தால் பேஸ் காணாமல் போகும். பின்பக்க ஒலியைப் பூட்டி வைக்கத்தான் பெட்டி.

அதனால முதல்ல டிரைவர், அப்புறம்தான் மரம். கிராஸ்ஓவர் தேவைப்படாத 4 இன்ச் ஃபுல்ரேஞ்ச் டிரைவரோட ஆரம்பிங்க. டேட்டாஷீட்டில் தீல்-ஸ்மால் எண்கள் இருக்கும். க்யூடிஎஸ் 0.5 என்றால், விஏஎஸ் எத்தனை லிட்டரோ அத்தனை லிட்டரில் மூடிய பெட்டி செய்யலாம்.

10 லிட்டருக்கு உள்ளளவு: அகலம் 16, உயரம் 25, ஆழம் 25 செ.மீ. 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் ஒரு பெட்டிக்கு:

முன், பின்: 19.6 × 28.6
மேல், கீழ்: 19.6 × 25
பக்கங்கள்: 25 × 25

உறையூரில் பலகை அறுத்துத் தர்ற கடையில் இந்தச் சீட்டைக் கொடுங்க. டிரைவருக்கான வட்டத்தை ஜிக்சாவில் நீங்களே வெட்டலாம். மாஸ்க் கட்டாயம், எம்டிஎஃப் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மரப்பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. பின்பலகையை மூடும் முன் பக்கங்களைத் தட்டிப் பாருங்க. 'டொய்ங்'னு கேட்டா உள்ளே குறுக்குக் கட்டை ஒட்டணும்.

கடைசிச் சோதனை: கூம்பை மெல்ல அழுத்தி விடுங்க. மெதுவா திரும்பினா பெட்டி பாஸ். டக்குனு திரும்பினா எங்கேயோ காற்று கசியுது.