கடிகாரம் தப்பினால் கணக்கும் தப்பும்

கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் பழைய டெஸ்க்டாப், வீட்டில் லேப்டாப். இரண்டிலும் ஒன்டிரைவ் போட்டு, ஸ்டாக் எக்செல் ஷீட்டுகளையும் டேலி டேட்டா ஃபோல்டரையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். பகலில் கடையில் போட்ட பதிவை ராத்திரி வீட்டில் பார்க்கலாம் என்று நினைத்தேன். பாதி நாள் வீட்டுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. வந்தாலும் ஒரே ஷீட் இரண்டாக வருகிறது. ஒன்றின் பெயருக்குப் பின்னால் கடைக் கம்ப்யூட்டரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரம் டேலி, டேட்டாவில் கோளாறு என்று சொல்லித் திறக்கவே மறுத்துவிட்டது. சர்வீஸுக்கு வந்த தம்பி, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா இன்ஸ்டால் பண்ணிரலாம்ண்ணா" என்கிறார். இது போதாதென்று காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி 2009 என்று காட்டுகிறது. நான்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதினீர்களே, உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓடவைப்பது மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 வகை. அது தீர்ந்துவிட்டால் காலையில் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய தேதியில் கண் விழிக்கும். ஒன்டிரைவ் இன்டர்நெட்டில் சர்வரைத் தொடர்புகொள்ளும்போது முதலில் அதன் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று அந்தச் சான்றிதழில் குறித்திருக்கும். 2009-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இணைப்பே கிடைக்காது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்தால், விண்டோஸும் நேரத்தைத் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவது உண்டு.

அதற்குப் பிறகு நடப்பது சங்கிலி மாதிரி. நீங்கள் தேதியை மாற்ற மறந்த நாளில் கடையில் போட்ட பதிவு மேலே ஏறவில்லை. ராத்திரி வீட்டில் நீங்கள் திறந்தது நேற்றைய ஷீட். அதிலும் இரண்டு வரி திருத்திச் சேமித்தீர்கள். மறுநாள் கடையில் தேதியை மாற்றியதும் இணைப்பு வந்தது. ஒரே ஷீட்டுக்கு இரண்டு திருத்தம் வந்து நிற்கிறது, எது சரி என்று ஒன்டிரைவுக்குத் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றில் கம்ப்யூட்டரின் பெயரை ஒட்டிவிட்டது. பார்க்க எரிச்சலாக இருந்தாலும் அது செய்த நல்ல காரியம் அது. ஒன்றை இன்னொன்றின் மேல் எழுதியிருந்தால் ஒரு நாள் வியாபாரம் சுவடே இல்லாமல் போயிருக்கும்.

ஆகவே முதல் செலவு அந்தப் பேட்டரி. மாற்றிய கையோடு தேதியைச் சரிசெய்து, விண்டோஸ் செட்டிங்ஸில் நேரத்தைத் தானாக அமைக்கும் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

டேலி விஷயம் வேறு. அதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: டேலியின் டேட்டா ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருக்கவே கூடாது. டேலி வைத்திருப்பது ஒரு கோப்பு அல்ல. ஒன்றையொன்று நம்பியிருக்கும் பல கோப்புகள். ஒரு வவுச்சர் போட்டால் அவற்றில் சில சேர்ந்து மாறும். சிங்க் செய்யும் செயலிக்கு இந்த உறவெல்லாம் தெரியாது. மாறிய கோப்பை ஒவ்வொன்றாக அனுப்பும். டேலி பிடித்து வைத்திருப்பதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடும். வீட்டுக்கு வந்து சேர்வது பாதி இன்றையது, பாதி நேற்றையது. தனித்தனியாக ஒவ்வொரு கோப்பும் நல்ல கோப்புதான். சேர்ந்தால் கணக்கு இடிக்கும். ஒன்டிரைவ் மட்டும் அல்ல, கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் எதில் வைத்தாலும் இதே கதைதான்.

டேட்டாவை டி டிரைவில் சாதாரண ஃபோல்டர் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, டேலியில் பாதையையும் மாற்றிவிடுங்கள். கடையைப் பூட்டுமுன் டேலி பிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை மட்டும் ஒன்டிரைவில் போடுங்கள். வீட்டில் அதை ரீஸ்டோர் செய்து பார்க்கலாம். பார்க்க மட்டும்தான். பதிவு போடுவது ஒரே இடத்தில், கடையில் நடக்கட்டும்.

இனி அந்தத் தம்பியின் யோசனை. அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது கடைசி மருந்து. அதற்கு முன் பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து, அங்கே எந்தக் கோப்பு எந்தத் தேதியில் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அங்கே இருப்பதுதான் மேலே ஏறியது. கடையில் மட்டும் இருப்பது இன்னும் ஏறாதது. ஏறாதவற்றை முதலில் பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். வெறும் அன்இன்ஸ்டால் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைத் தொடாது. "பழைய ஃபோல்டர் எதுக்கு, அதையும் தூக்கிருவோம்" என்று அடுத்து ஒரு கை நீளுமே, அங்கேதான் ஆபத்து.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது அசையாமல் நின்றால், டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மேகச் சின்னத்தைச் சொடுக்குங்கள். நிற்கும் கோப்பின் பெயரையும் காரணத்தையும் அதுவே சொல்லும். இலவசக் கணக்கின் 5 ஜிபி நிறைந்திருக்கலாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால், அளவுள்ள இணைப்பு என்று கருதித் தானாக நிறுத்தியிருக்கலாம்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலர் வேலையை நானும் சக ஆசிரியையும் செய்கிறோம். என்னிடம் விண்டோஸ், அவரிடம் பழைய மேக். பொதுவான ஃபோல்டரில் "பொங்கல் மலர்" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் தெரிகின்றன. ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?
— தமிழாசிரியை, விருதுநகர்

பதில்: தமிழாசிரியைக்கே உயிர்மெய்யெழுத்துப் பாடம் எடுப்பதற்கு மன்னிக்கவும். "பொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்துப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. 2017-க்கு முன் மேக் கணினிகளில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு அமைப்பு, பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் நீங்கள் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே அதன் கணக்கில் இவை இரண்டு பெயர்கள்.

இதற்கு அண்ணன் ஒருவரும் உண்டு. "கௌரி" என்று தட்டும்போது ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டுவிடுவோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

இரண்டையும் திறந்து, எது புதியது என்று தேதியையும் பக்க எண்ணிக்கையையும் வைத்து முடிவு செய்யுங்கள். வேண்டியதை உங்கள் கம்ப்யூட்டரில் புதிதாகத் தட்டச்சு செய்து பெயர் மாற்றிவிட்டு, மற்றதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மலர் அச்சுக்குப் போகும்வரை அழிக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து வேலை செய்யும் கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வையுங்கள். தமிழ்ப் பற்று உள்ளே இருக்கும் கட்டுரைகளில் இருந்தால் போதும்.

கேள்வி: லேப்டாப்பில் இடம் இல்லையென்று ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்த கல்யாணப் படங்களை நேற்று அழித்தேன். இப்போது செல்போன் ஆப்பிலும் காணோம்! மேலே பத்திரமாக இருக்கும் என்றுதானே நினைத்தேன்?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: பதறாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாள் அங்கே இருக்கும். தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

சிங்க் ஃபோல்டர் என்பது கண்ணாடி. இங்கே அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுங்கள். பச்சை டிக் போய் நீல மேகம் வரும். படம் மேலே மட்டும் இருக்கும், லேப்டாப்பில் இடம் கிடைக்கும். இன்டர்நெட் இல்லாதபோது அவை திறக்காது. ஊருக்குப் போய்ப் பாட்டிக்குக் காட்டப் போகும் படங்களுக்கு மட்டும், கிளம்புவதற்கு முன் "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.